ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

வணக்கம் நேயர்களே.

பேச்சைத் தொடங்கும் முன்னால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மட்டும் செய்யுங்கள். கார் ஓட்டுகிறவர்கள், மோட்டாரில் போகிறவர்கள், அடுப்பில் எண்ணெய் காயவைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதில் சேர வேண்டாம். ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து ஒரு கண்ணின் மேல் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கட்ட வரவில்லையென்றால் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாலும் சரி, ஆனால் அழுத்தாதீர்கள். இன்னொரு கண் திறந்தே இருக்கட்டும், வீட்டு விளக்கும் எரியட்டும். நான் பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். எதற்கு இந்தக் கூத்து என்று கடைசியில் சொல்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரித்தால் அவர்களுக்கும் ஒரு கைக்குட்டை கொடுங்கள்.

நான் கண் மருத்துவர் இல்லை. பினாங்கு ஜோர்ஜ்டவுனில் முப்பது வருடத்துக்கு மேல் கண்ணாடிக்கடை வைத்திருந்தவன். வருகிறவர்களுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுப்பேன், சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். லிட்டில் இந்தியாவை ஒட்டிய பழைய கடைவீடு. உங்களுக்குத் தெரியுமே, வாசல் குறுகல், உள்ளே நீளம், முன்னால் அஞ்சடி என்கிற கூரை போட்ட நடைபாதை. வெளிச்சம் மாறும்போது கண் எப்படிப் பழகிக்கொள்கிறது என்று இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயத்தை அந்த அஞ்சடிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். வெளியே தார் உருகுகிற வெயில். ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வருவார். வாசலிலேயே நின்று, "என்னப்பா, கடையைப் பூட்டப்போறியா? விளக்கெல்லாம் அணைச்சிட்டே?" என்பார். ஆறு குழல்விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். "இல்லைங்க ஐயா, உட்காருங்க, தேத்தண்ணி குடிங்க" என்று நாற்காலியைக் காட்டுவேன். கையால் தடவிப் பார்த்துத்தான் உட்காருவார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், மேசைமேல் கிடந்த நாளிதழை எடுத்து ராசிபலன் படித்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு சுவிட்சைக்கூட நான் தொட்டிருக்க மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 100,000 லக்ஸ். என் கடைக்குள் 500 லக்ஸ் இருந்தால் அதிகம். அஞ்சடியைத் தாண்டி நாலு எட்டு வைத்ததில் வெளிச்சம் 200 மடங்கு குறைந்துவிட்டது. பௌர்ணமி நிலவை எடுத்துக்கொண்டால் கால் லக்ஸ் வந்தாலே பெரிய விஷயம். அதிலும் நாம் நடமாடுகிறோம். நிலவில்லாத இரவில் நட்சத்திர வெளிச்சத்திலும் ஒற்றையடிப்பாதை தெரிகிறது. நட்சத்திர வெளிச்சத்துக்கும் நடுப்பகலுக்கும் வித்தியாசம் நூறு கோடி மடங்கு வரைகூடப் போகும்.

இதற்கெல்லாம் கண்ணின் பாவைதான் விரிந்து சுருங்கிச் சமாளிக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். பாவம், அதனால் எவ்வளவு முடியும்? சுருங்கினால் 2 மில்லிமீட்டர், நன்றாக விரிந்தால் 8. பரப்பில் கணக்குப் போட்டால் 16 மடங்கு, அவ்வளவுதான். வயதானவர்களுக்கு அந்த 8 மில்லிமீட்டரும் வராது. மிச்சம் அத்தனையையும் சமாளிப்பது பின்னால் இருக்கிற விழித்திரை. அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஈரக் காகிதம் மாதிரி ஒரு படலம். அதற்குள் வெளிச்சத்தை வாங்கும் உயிரணுக்கள் இரண்டு வகை. மங்கலில் வேலை செய்யும் கோல் உயிரணுக்கள் சுமார் 90 மில்லியன், பகலிலும் நிறத்திலும் வேலை செய்யும் கூம்பு உயிரணுக்கள் சுமார் நாலரை மில்லியன். இத்தனை பேர் சேகரித்த செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிழைகள் ஏறக்குறைய ஒரு மில்லியன்தான்.

அந்த இழைகள் எப்படிப் பேசுகின்றன? துடிப்புகளாக. சும்மா இருக்கும்போது வினாடிக்குச் சில துடிப்பு, மும்முரமாக இருந்தால் வினாடிக்கு நூறு, இருநூறு. நூறு கோடி மடங்கு வித்தியாசத்தை இந்த இருநூறு படிக்குள் எப்படி அடக்குவது? நம் லிட்டில் இந்தியா நகைக்கடைத் தராசில் அரிசி மூட்டையை வைத்தால் என்ன ஆகும்? மளிகைக்கடைத் தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையுமா? இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். வருகிற சரக்கைப் பார்த்துத் தராசு தன்னைத்தானே மாற்றிக்கொள்ள வேண்டும். விழித்திரை நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பது அந்த வேலைதான்.

அந்தப் பெரியவர் படித்த நாளிதழையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைக் காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு மையும் நூற்றுக்கு நாலைந்து பங்கைத் திருப்பி அனுப்பத்தான் செய்யும். இப்போது அதே நாளிதழை வெளியே வெயிலில் பிடியுங்கள். 100,000 லக்ஸில் அந்தக் கறுப்பு எழுத்திலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம், கடைக்குள் வெள்ளைக் காகிதத்திலிருந்து வரும் வெளிச்சத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல்! ஆனாலும் வெயிலில் எழுத்து கறுப்பாகத்தான் தெரிகிறது, கடைக்குள் காகிதம் வெள்ளையாகத்தான் தெரிகிறது. நமக்கு எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பது கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் இருப்பதைவிட எவ்வளவு கூட, சற்று முன்னால் இருந்ததைவிட எவ்வளவு குறைவு, இதைத்தான் அது கேட்கிறது.

சரி, உயிரணு இதை எப்படிச் செய்கிறது?

வெளிச்சம் பட்டால் கண்ணின் உயிரணு விழித்துக்கொண்டு சமிக்ஞை அனுப்பும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது தலைகீழ். இருட்டில்தான் அவை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன, வெளிச்சம் பட்டதும் வாயை மூடுகின்றன. 1960களின் நடுவில் ஜப்பானிய விஞ்ஞானி சுனேயோ தோமிதா கெண்டை மீனின் கூம்பு உயிரணுக்களில் நுண்ணிய மின்முனையைச் செருகி இதை அளந்து காட்டினார். இருட்டில் அந்த உயிரணுவின் தோலில் சின்னச் சின்ன வாசல்கள் திறந்திருக்கும், அவற்றின் வழியாகச் சோடியமும் கால்சியமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். உள்ளே சுழல் ஜிஎம்பி என்று ஒரு பொருள் இருக்கிறது, வாசலைத் திறந்து பிடித்திருப்பது அதுதான். வெளிச்சம் பட்டால் அந்தப் பொருள் சிதைகிறது, வாசல்கள் சாத்திக்கொள்கின்றன, பேச்சு குறைகிறது.

வெளிச்சம் அப்படியே தொடர்ந்தால்? எல்லா வாசலும் சாத்தியபடியே கிடந்தால் அந்த உயிரணு குருடாகிவிடும், அதற்குமேல் கூடினாலும் குறைந்தாலும் சொல்ல முடியாது. இங்கேதான் எனக்கு வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மிதவை நினைவுக்கு வரும். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், குழாய் தானாகத் திறக்கும். உயிரணுவுக்குள் மிதவையாக இருப்பது கால்சியம். வாசல் சாத்தியதும் கால்சியம் வருவது நிற்கிறது, உள்ளே இருப்பது குறைகிறது. கால்சியம் குறைந்ததும், சுழல் ஜிஎம்பியைத் தயாரிக்கும் நொதி வேகமாக வேலை செய்ய ஆரம்பிக்கிறது. மறுபடி சில வாசல்கள் திறக்கின்றன. வெளியே வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனால் உயிரணு நடுநிலைக்குத் திரும்பிவிட்டது. கூடினால் சாத்தவும் குறைந்தால் திறக்கவும் இப்போது அதற்கு இடம் இருக்கிறது. இது நடப்பது வினாடிக் கணக்கில்.

உயிரணு ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது இவ்வளவு. அடுத்து, அக்கம்பக்கத்தார் பங்கு. கிடையாகப் படர்ந்த உயிரணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவை பல கூம்புகளையும் கோல்களையும் தொட்டுக்கொண்டு, அந்த வட்டாரத்தில் சராசரி வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்து அதைக் கழித்துவிடுகின்றன. விழித்திரையின் கடைசி வரிசையில், நரம்பிழை கிளம்பும் இடத்தில் இருப்பவை கேங்லியான் உயிரணுக்கள். 1953இல் ஸ்டீபன் கஃப்லர் பூனையின் விழித்திரையில் இவற்றை ஆராய்ந்தார். நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம் விழுந்தால் துள்ளுகிற உயிரணு, சுற்றிலும் வெளிச்சம் விழுந்தால் அடங்குகிறது. எங்கும் ஒரே மாதிரி வெளிச்சம் பரவினால், அதற்குச் சொல்ல அதிகமாக ஒன்றுமில்லை. அப்புறம் டோபமின் என்ற ரசாயனம். பகலில் விழித்திரையில் அது சுரந்து, உயிரணுக்களுக்கு இடையே இருக்கும் மின் இணைப்புகளைத் தளர்த்துகிறது. இரவில் கிடைப்பதைக் கூட்டாகச் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு, பகலில் தனித்தனியாகக் கூர்மையாகப் பார்க்கும் ஏற்பாடாக மாறுகிறது.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு அம்மா வருவார். "தம்பி, பஸ்ஸை விட்டு இறங்கி அஞ்சடிக்குள்ளே வந்தா கொஞ்ச நேரம் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு" என்பார். வெயில் அப்படி, எல்லாருக்கும்தான் என்று சொல்லி, பவரை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார், அதே குறை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கண்ணில் பத்து வினாடி பிரகாசமான விளக்கைக் காட்டி, எடுத்ததும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குள் எழுத்து திரும்பி வந்துவிடும். அவருக்கு வலது கண்ணில் மூன்று நிமிடம் ஆயிற்று. "இன்னும் மஞ்சளா ஒரு உருண்டை நிக்குது தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது விழித்திரையின் நடுப்பகுதியில் தேய்வு தொடங்கியிருந்தது தெரிந்தது. வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கண் திரும்ப நேரம் எடுப்பது வயது ஏறஏற எல்லாருக்கும் கூடும். ஆனால் ஒரு கண்ணுக்கு மட்டும் கூடினால், அல்லது திடீரென்று கூடினால், கண்ணாடிக்கடையில் நிற்காதீர்கள். நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

வெளிச்சத்தின் அளவுக்குப் பழகுவதோடு விழித்திரை நிற்பதில்லை. காட்சி எவ்வளவு அடித்துப் பேசுகிறது என்பதற்கும் பழகுகிறது. புகைமூட்டக் காலத்தில் நம் கொடிமலையை அடிவாரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் இருக்கும், ஆனால் மலைக்கும் வானத்துக்கும் வித்தியாசம் இருக்காது, எல்லாம் சாம்பல். வித்தியாசமே குறைந்துபோன உலகத்தில் கண் என்ன செய்யும்? 1997இல் மார்கஸ் மைஸ்டரின் குழுவினர் சாலமாண்டர் என்ற, பல்லி மாதிரி இருக்கும் நீர்நில உயிரி, அப்புறம் முயல், இவற்றின் விழித்திரையைத் தனியே எடுத்து உயிரோடு வைத்து ஆராய்ந்தார்கள். மினுக்கும் வெளிச்சத்தைக் காட்டி, அதன் சராசரியை மாற்றாமல், மினுக்கலின் வீச்சை மட்டும் கூட்டினார்கள். கேங்லியான் உயிரணுக்கள் முதலில் படபடவென்று துடித்தன. வீச்சு அப்படியே நீடித்தபோது, சில பத்து வினாடிகளில் துடிப்பு மெல்ல அடங்கியது. வீச்சைக் குறைத்ததும் முதலில் வாயடைத்துப்போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டன. எனக்கு இதில் பிடித்தது, பழகும் வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாததுதான். சந்தடிக்குச் சீக்கிரம் பழகும் விழித்திரை, அமைதிக்குப் பழக அதிக நேரம் எடுக்கிறது. யோசித்தால் நியாயம்தான். ஒரே ஒரு இடி போதும், மழைக்காலம் வந்துவிட்டது என்று சொல்ல. மழை போய்விட்டது என்று நம்ப எத்தனை நாள் வெயில் வேண்டும்?

2011இல் டேவிட் காஸ்ட்னர், ஸ்டீபன் பாக்கஸ் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். அந்தச் சந்தடி ஓய்ந்ததும், பெரும்பாலான உயிரணுக்கள் களைத்துக் கிடக்கும்போது, வேறு சில உயிரணுக்கள் கூர்மை கூடி, மெல்லிய அசைவையும் பிடிக்கத் தயாராக நிற்கின்றன. கல்யாண வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் வாசலில் ஒருவர் மட்டும் விழித்துக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி.

மாறாமல் நிற்பதைக் கண் எந்த அளவுக்கு மறந்துவிடும் என்பதற்கு என் கடையில் தினமும் ஒரு வேடிக்கை நடக்கும். கண்ணைச் சோதிக்கிற விளக்கை ஓரமாகப் பிடித்து லேசாக ஆட்டினால், நாற்காலியில் இருப்பவர் திடுக்கிட்டு, "என்னமோ மரக்கிளை மாதிரி தெரியுது" என்பார். அவர் பார்த்தது அவருடைய சொந்த விழித்திரையின் ரத்தக்குழாய்களை. அந்தக் குழாய்கள் ஒளி வாங்கும் உயிரணுக்களுக்கு முன்னால்தான் ஓடுகின்றன. பிறந்த நாள் முதல் அவற்றின் நிழல் அதே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது, அசைவதே இல்லை. அதனால் நமக்குத் தெரிவதும் இல்லை. விளக்கு ஆடும்போது நிழல் இடம் மாறுகிறது, உடனே மரம் முளைக்கிறது. விளக்கை நிறுத்தினால் சில வினாடிகளில் மறைந்துபோகிறது. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், கண்ணோடு கூடவே நகரும்படி ஒரு படத்தைக் காட்டிப் பார்த்தார்கள். எந்தப் படமானாலும் சில வினாடிகளில் மங்கி அழிந்தது. நாம் ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போதும் கண் ஓயாமல் மிகச் சின்னதாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நடுக்கம் நின்றால் எதிரில் இருக்கும் மனைவி முகம்கூட மறைந்துவிடும். (சில கணவன்மார்கள் இதை முயற்சி செய்து பார்க்க வேண்டாம்.)

எல்லா உயிரணுவும் இப்படி மறந்துகொண்டே இருந்தால், இது பகல், இது இரவு என்று உடம்புக்கு யார் சொல்வது? அதற்கும் ஆள் இருக்கிறது. கேங்லியான் உயிரணுக்களில் ஒரு சிறு கூட்டம், மெலனாப்சின் என்ற நிறமியை வைத்துக்கொண்டு, கோலையும் கூம்பையும் நம்பாமல் தானே வெளிச்சத்தை உணர்கிறது. டேவிட் பெர்சனும் மற்றவர்களும் இதை 2002இல் நிரூபித்தார்கள். இவை மெதுவாக விழிக்கும், ஆனால் வெளிச்சம் இருக்கும்வரை விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். பாவையைச் சுருக்கி வைத்திருப்பதும், மூளையில் இருக்கும் உடல் கடிகாரத்தைத் திருத்துவதும் இவற்றின் பொறுப்பு. பார்வை முற்றும் இழந்த சிலருக்குக்கூட இந்தக் கடிகாரம் சரியாக ஓடுவதற்கு இவைதான் காரணம்.

கடிகாரம் என்றதும் என் அம்மா ஞாபகம் வருகிறது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள் அல்லவா? அம்மாவுக்கு அது கடைசிவரை "கவர்மெண்டு நேரம்"தான். அவர் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அது முடிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் மரவரிசையான நிரைக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் பால் வடியும் மங்கு துடைக்கக் கூடப் போவேன். தோட்டத்து ரோட்டில் எதிரே லாரி வந்தால், அம்மா நின்று, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொள்வார். லாரி போனதும் கையை எடுத்துவிட்டு எதுவுமே நடக்காத மாதிரி நடப்பார். நான் மட்டும் வேரில் தடுக்கி விழுவேன். "ரெண்டு கண்ணையும் விளக்குக்குக் கொடுத்துட்டு நிக்கிறியே" என்று திட்டு வேறு.

அம்மாவின் கை காப்பாற்றியது கோல் உயிரணுக்களை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும்போது கூம்புகள் பத்து நிமிடத்துக்குள் தங்களால் முடிந்த அளவுக்குத் தேறிவிடும். கோல்கள் முழுமையாகத் தேற முப்பது, நாற்பது நிமிடம் ஆகும். இங்கே வேலை மிதவையோடு முடிவதில்லை. கோல்களில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது, கடும் வெளிச்சம் அதை வெளுக்கவைத்துவிடும். வெளுத்ததை மறுபடி கட்டுவதற்கு வைட்டமின் ஏயிலிருந்து வரும் ஒரு பொருள் வேண்டும், அது பின்னால் இருக்கும் படலத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் வந்து சேரும். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933இல் கண்டுபிடித்த ஜார்ஜ் வால்ட், 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரையும் ஈரலும் கொடுத்த நம் பாட்டிமார்களுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. நன்றாகத் தேறிய கோல் உயிரணு ஒன்று, ஒளியின் மிகச் சிறிய துணுக்கான ஒரே ஒரு ஃபோட்டானுக்கும் பதில் சொல்லும். 1979இல் தேரையின் கோல் உயிரணுவில் அதை நேரடியாகவே அளந்தார்கள்.

அந்த நேரத்து நிறங்களையும் சொல்ல வேண்டும். அம்மா கட்டியிருந்த சிவப்புச் சேலை இருட்டில் கன்னங்கரேலென்று இருக்கும், பக்கத்துச் செடியின் இலை வெளிறித் தெரியும். கிழக்கு வெளுக்கும்போது சேலை மெதுவாகச் சிவக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். கோல் உயிரணுக்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது, நீலப்பச்சைதான் நன்றாகத் தெரியும். விடியற்காலையில் பூக்களின் நிறம் இப்படி மாறுவதை ஐரோப்பாவில் முதலில் எழுதிவைத்தவர், செக் நாட்டு விஞ்ஞானி யான் புர்கின்யே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

சரி, கைக்குட்டை கட்டியவர்கள் இன்னும் இருக்கிறீர்கள்தானே? கழற்றாதீர்கள். வீட்டில் இருக்கும் விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாம். ஜன்னல் திரையையும் இழுத்துவிடுங்கள். எழுந்து நடக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். இப்போது, திறந்திருந்த கண்ணால் அறையைப் பாருங்கள். கறுப்பாக இருக்கிறதா? கைக்குட்டையை எடுங்கள். அந்தக் கண்ணை மூடி, இந்தக் கண்ணைத் திறங்கள். நாற்காலியின் முதுகு, கதவின் விளிம்பு, சுவரில் சாமி படத்தின் சட்டம்... மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே அறை, ஒரே மூளை. பத்து நிமிடத்தில் இந்த வித்தியாசம் குறைய ஆரம்பித்துவிடும், அதனால் சீக்கிரம் பார்த்துவிடுங்கள். விளக்கைப் போடும்போது மட்டும் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள்.

வணக்கம்.